ரப்பர் இலை உதிரும் பருவத்தில் ஒரு சிறிய திருமணம்: முதன்முறை நடத்துவோருக்கான படிப்படியான வழிகாட்டி

மலேசியாவில் இலையுதிர் காலம் என்று தனிப் பருவம் இல்லை. ஆனாலும் தை பிறந்தபின் ரப்பர்த் தோட்டத்தைப் பார்த்தவர்கள் அதை நம்பமாட்டார்கள். ஜனவரி முதல் மார்ச்சுக்குள் பால்மரங்கள் மஞ்சளாகவும் செம்மஞ்சளாகவும் நிறம் மாறி, இலைகளை முழுதாக உதிர்த்துவிட்டு, சில வாரங்களில் செம்பு நிறத் துளிர் விடுகின்றன. பேராக் மாநிலத்தின் எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இன்னும் ரப்பர் நிற்கும் இடங்களில், இந்த உதிர்வுக் காலத்தில், அறுபது பேருக்கு மேற்படாத ஒரு திருமணத்தை மரங்களுக்கு நடுவே நடத்துவது எப்படி என்பதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். சடங்குகளைக் குறைத்துச் சிறிதாக்கும் திருமணம் அல்ல இது. அழைப்பைக் குறைத்து, சடங்குகளை நிதானமாகச் செய்யும் திருமணம்.

படி 1: தோட்டத்தைத் தேர்ந்தெடுத்தல்

செம்பனைத் தோட்டம் இதற்குப் பயன்படாது. செம்பனை பருவத்துக்கு இலை உதிர்ப்பதில்லை, அதன் நிழலும் அடர்ந்து இருண்டது. பதினைந்து ஆண்டுக்கு மேற்பட்ட, சீரான நிரைகளாக நடப்பட்ட பால்மரங்களே வேண்டும். சுற்று வட்டாரத்தில் பல தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறிவிட்டன என்பதால், சிறுதோட்டக்காரர் ஒருவரின் நிலத்தைத் தேடுவதே எளிது. வாய்மொழி அனுமதி போதாது. தேதி, நேரம், தீ வளர்ப்பது, வாகனம் நிறுத்தும் இடம் ஆகியவற்றைக் குறித்து ஒரு கடிதம் எழுதி, உரிமையாளரின் கையொப்பம் பெறுங்கள்.

இலை உதிரும்போது பால் வரத்துக் குறைவதால், பல தோட்டங்களில் அந்த வாரங்களில் மரம் வெட்டுவதை, அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுப்பதை, நிறுத்தி வைப்பார்கள். ஆகவே உங்கள் நிகழ்ச்சியால் யாருடைய வேலையும் தடைபடாது. இருந்தாலும் அந்த நிரைகளை வெட்டுபவரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். முதல் வெற்றிலை பாக்கை அவருக்கே வைத்து அழைப்பது முறை என்று நான் உறுதியாகக் கருதுகிறேன், ஏனெனில் அந்த மரங்களை உரிமையாளரைவிட நன்றாக அறிந்தவர் அவர். எந்த மரத்தின் கிளை காய்ந்து தொங்குகிறது, எந்த இடத்தில் தண்ணீர் தேங்குகிறது என்று அவர் காட்டுவார். ஒட்டுப்பால் (உறைந்து காய்ந்த ரப்பர்ப் பால்) சேர்த்து வைக்கும் கொட்டகை எங்கே என்றும் கேட்டு, காற்றின் திசை பார்த்து அதிலிருந்து நன்கு விலகியிருங்கள். அந்த வாடை மல்லிகையையும் மறைத்துவிடும்.

படி 2: நாளும் நேரமும்

இந்தப் படியில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். தை பிற்பகுதி முதல் மாசி முற்பகுதி வரையிலான நாட்கள் பொதுவாகப் பொருந்தும். ஆனால் உதிர்வு ஆண்டுக்கு ஆண்டு முன்பின்னாகும். ஜனவரியில் மழை நீடித்தால் ஒரு தோட்டத்திலேயே பாதி மரம் மொட்டையாகவும் பாதி பசுமையாகவும் நிற்கும். தைப்பூசம், சீனப் புத்தாண்டு இரண்டும் இதே காலத்தில் வருவதால் நெடுஞ்சாலை நெரிசலையும் கடை விடுமுறையையும் கணக்கில் கொள்ளுங்கள். 2027-இல் நோன்பு மாதமும் பிப்ரவரியில் தொடங்குகிறது; மலாய் நண்பர்களை அழைப்பதாக இருந்தால், அவர்களுக்கான விருந்தை நோன்பு துறக்கும் மாலைக்கு வையுங்கள்.

இந்தியாவில் அச்சான நாள்காட்டியை அப்படியே பின்பற்றாதீர்கள். நமது நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி முன்னே ஓடுகிறது, ஆகவே திதி, நட்சத்திரம் முடியும் நேரங்களுடன் இரண்டரை மணியைக் கூட்ட வேண்டும். இராகு காலமோ அப்படிக் கூட்டிப் பெறுவது அல்ல. அது உள்ளூர்ச் சூரிய உதயத்தைப் பொறுத்தது. பிப்ரவரியில் இங்கே சூரியன் ஏறக்குறைய 7.25-க்கு உதிப்பதால், ஞாயிற்றுக்கிழமை இராகு காலம் மாலை 4.30-க்கு அல்ல, ஏறத்தாழ 6 மணிக்குத் தொடங்கும். சனிக்கிழமை அது காலை 10.25-இலிருந்து நண்பகல் நெருங்கும் வரை நீளும். இதே காரணத்தால், இந்தியாவில் வழக்கமாகச் சொல்லும் காலை 6 மணி முகூர்த்தம் இங்கே இருட்டில் விழும். காலை 8.30-க்கும் 9.45-க்கும் இடையே மாங்கல்ய தாரணம் அமைவது சிறந்தது: சாய்ந்த வெளிச்சம் நிரைகளுக்கு நடுவே நுழையும், இலையற்ற மரங்கள் நிழல் தராத உச்சி வெயிலும் வந்திருக்காது. தேர்ந்த நேரத்தை உள்ளூர்ப் பஞ்சாங்கம் பார்க்கும் குருக்களிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

படி 3: பதிவு

மரத்தடியில் தாலி கட்டினால் மட்டும் சட்டப்படி திருமணம் ஆகிவிடாது. முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 1976-ஆம் ஆண்டின் திருமணம், மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ளது. தேசியப் பதிவிலாகாவில் மனுக் கொடுத்தபின் அது 21 நாட்கள் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். அதன் பிறகு, மனுக் கொடுத்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் இரு சாட்சிகள் முன்னிலையில் பதிவு செய்யலாம். பதிவை முன்கூட்டியே முடித்துவிட்டு, தோட்டத்தில் சடங்கை மட்டும் வைப்பதே சிக்கலற்றது.

படி 4: அழைப்பு

அறுபது பேர் என்று முடிவெடுத்தபின் எழுபது ஆகாமல் காப்பது கடினம், தோட்டத்துப் பழக்கத்தில் ஒரு லயத்துக்கே (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கே) சொல்லாமல் ஒரு வீட்டுக்கு மட்டும் சொல்வது மனக்குறையை உண்டாக்கும். இதற்கு நான் பரிந்துரைக்கும் வழி ஒன்று உண்டு: திருமணத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, தோட்டத்து மாரியம்மன் கோயிலில் இரு குடும்பத்தார் பெயரிலும் பூசையும் அன்னதானமும் வைத்து, ஊரார் அனைவரையும் அங்கே அழையுங்கள். மணமக்களை அன்றே எல்லாரும் வாழ்த்திவிடுவார்கள். அதனால் திருமணத்துக்கு வருபவர்கள் தாய்மாமன், அத்தை, சித்தப்பா, உடன்பிறந்தோர், மிக நெருங்கிய நண்பர்கள் என்ற அளவில் நிற்பார்கள், யாரும் விடுபட்டதாக உணரமாட்டார்கள்.

படி 5: இடத்தைத் தயார்ப்படுத்துதல்

முதலில் மங்குகளை, அதாவது பால் சேரும் கிண்ணங்களை, பாருங்கள். மரத்தில் கட்டியிருக்கும் மங்குகளில் மழைநீர் தேங்கினால் கொசு முட்டையிடும், டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அந்தச் சிறு நீரே போதும். வெட்டு நின்றிருக்கும் காலமாதலால், இரண்டு வாரத்துக்கு முன்பே உரிமையாளரின் ஒப்புதலுடன் எல்லாவற்றையும் கவிழ்த்து வையுங்கள்.

உதிர்ந்த இலைகளை எல்லாம் பெருக்கிவிட வேண்டாம். அந்தச் செம்மைக்காகத்தானே இங்கே வருகிறோம். ஆனால் மூன்று இடங்களில் மண் தெரியும்வரை பெருக்கியாக வேண்டும். ஓமகுண்டத்தைச் சுற்றிப் பத்தடி, சமையல் அடுப்பைச் சுற்றிப் பத்தடி, முதியவர்கள் நடக்கும் பாதை. காய்ந்த இலைமெத்தை ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். குண்டத்தைச் செங்கல் மேடையில் உயர்த்தி, அருகே இரண்டு வாளித் தண்ணீரும் ஒரு வாளி மணலும் வைத்து, அதைக் கவனிக்க ஒருவரை நியமியுங்கள். பட்டாசு, வானில் விடும் விளக்கு ஆகியவற்றை அறவே தவிர்த்துவிடுங்கள். இலைக்குவியலில் பாம்பும் தேளும் இருக்கக்கூடும் என்பதால், முந்தைய நாள் காலணி அணிந்த இருவர் நீண்ட கைப்பிடி வாரியால் கிளறிப் பார்ப்பது கட்டாயம்.

மணவறைக்கு இரண்டு நிரைகளுக்கு இடையிலுள்ள அகலத்தை அளந்துவிட்டுக் கூடாரம் பேசுங்கள்; சந்து ஏறக்குறைய இருபதடிதான் இருக்கும் என்பதால் இருபதடிக் கூடாரம் அதில் அடங்காமல் போகலாம். மரத்தில் ஆணி அடிக்கக் கூடாது. பட்டைக்குள்தான் பால்குழாய்கள் ஓடுகின்றன, வெட்டுப்பட்டையில் ஒரு காயம் பட்டால் அந்த இடத்தில் பிறகு சரியான வெட்டு விழாது. மாவிலைத் தோரணத்தையும் தொங்கும் சரங்களையும் தலைக்கு மேலே பருத்தித் துணிக் கயிற்றால் கட்டுங்கள். பந்தக்காலுக்குப் பச்சை மூங்கில் போதும்.

சேலை கட்டும் பெண்களுக்கு ஒரு எச்சரிக்கை: ரப்பர்ப் பால் பட்டில் பட்டால் போகாது. புதிதாக ஒடிந்த கிளையும் கீறப்பட்ட பட்டையும் சொட்டும். மணப்பெண் அமரும் இடத்துக்கு மேலே பார்த்துவிட்டு இருக்கை போடுங்கள்.

படி 6: பூவும் உணவும் வசதியும்

மாலைக்குச் சாமந்தியும் ரோஜாவும் கேமரன் மலையிலிருந்து வருவது இங்கே எளிதாகக் கிடைக்கும், மல்லிகையை ஈப்போ லிட்டல் இந்தியா பூக்கடையில் முன்பதிவு செய்துவிடுங்கள். இலைகளின் செம்மையோடு மஞ்சள் சாமந்தி பொருந்தும், வேறு அலங்காரம் தேவைப்படாது.

உணவைத் தோட்டத்திலேயே சமைப்பதைவிட, வீட்டிலோ கோயில் மடைப்பள்ளியிலோ சமைத்துக் கொண்டுவருவது பாதுகாப்பானது. அறுபது பேருக்கு எட்டு முதல் ஒன்பது கிலோ அரிசி போதும். சாம்பார், ரசம், இரண்டு கறி, அப்பளம், பாயாசம் என்று வாழை இலையில் நீளமான பாயில் அமர வைத்துப் பரிமாறுங்கள், முழங்கால் வலியுள்ளவர்களுக்கு மேசை தனியே வேண்டும். கழிவறையை மறக்காதீர்கள், அருகில் கோயிலோ சமூக மண்டபமோ இல்லையெனில் நடமாடும் கழிவறையை வாடகைக்கு எடுங்கள். நாதஸ்வரமும் தவிலும் ஒலிபெருக்கியின்றியே போதுமான அளவு கேட்கும் என்பதால் ஜெனரேட்டர் தேவையில்லை.

புகைப்படத்துக்கு ஒரு யோசனை. சிங்கப்பூரிலிருந்து வந்த ரப்பர்க் கன்றுகளை 1877-இல் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டான ஹியூ லோ கோலகங்சாரில் நட்டார். அவற்றில் ஒரு மரம் இன்றும் அங்கே நிற்கிறது. சுங்கை சிப்புட்டிலிருந்து ஏறக்குறைய அரை மணிப் பயணம். நம் பாட்டன்மார் உழைத்த தொழிலின் தொடக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு படம் எடுப்பது பொருத்தமாக இருக்கும்.

படி 7: முடிந்தபின்

மாலை மூன்று மணிக்குள் கூடாரத்தைப் பிரித்துவிடுங்கள். கயிற்றுத் துண்டு, கம்பி, நெகிழிப் பை ஒன்றுகூட மரத்தில் தங்கக் கூடாது. மீண்டும் வெட்டு தொடங்கும்போது கத்தி அதில் சிக்கும். ஓமகுண்டத்துச் சாம்பலில் தண்ணீர் ஊற்றி, கையால் தொட்டுச் சூடில்லை என்று உறுதி செய்தபின், உரிமையாளருடன் நிரைகளை ஒருமுறை நடந்து பார்த்து, அவர் மனம் நிறைந்தபின் புறப்படுங்கள்.