டிவியைக் கணினித் திரையாக்கும்போது கை வைக்கக் கூடாத இடங்கள்

நகைக்கடையின் விலைப்பலகை, டியூஷன் வகுப்பு, கிளினிக்கின் டோக்கன் எண், கல்யாண மண்டபத்து வரவேற்புத் திரை என எல்லாவற்றுக்கும் இப்போது டிவிதான். அந்த அளவில் மானிட்டர் வாங்கப் போனால் விலை கையைச் சுடும். மாட்டிக்கொடுக்க வரும் இளைஞர்கள் கெட்டிக்காரர்கள். சுவரில் துளையிடுவதிலும் கம்பியை மறைத்து இழுப்பதிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. படம் வந்த பிறகுதான் கோளாறு ஆரம்பிக்கிறது. ஓரம் வெட்டுப்படும், எழுத்து மங்கும், சுட்டி இழுத்து இழுத்து நகரும். அப்போது அவர்கள் கை போகும் இடங்களைப் பார்த்தால், இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் நாங்கள் கை வைத்த அதே இடங்கள்.

கேபிளை நன்றாகச் செருகுங்கள், ரிமோட்டில் சரியான இன்புட்டைத் தேர்ந்தெடுங்கள் என்றெல்லாம் எழுதப்போவதில்லை. அது தெரியாதவர் ஏணியில் ஏறியிருக்கவே மாட்டார்.

ஓரம் வெட்டுப்பட்டதும் கணினியில் படத்தைச் சுருக்குவது

எனக்கு இன்றுவரை எரிச்சல் மூட்டும் தவறு இதுதான்.

ஒரு நகைக்கடையில் கல்லாவுக்குப் பின்னால் 43 அங்குல டிவி. அன்றைய தங்கம், வெள்ளி விலை ஓட வேண்டும். இணைத்ததும் மேலே கடைப் பெயரின் தலை காணவில்லை, கீழே டாஸ்க்பாரில் பாதி இல்லை. வந்திருந்த பையன் கணினியில் கிராஃபிக்ஸ் மென்பொருளைத் திறந்தான், அளவைக் குறைக்கும் பட்டியை இழுத்தான், நான்கு ஓரமும் திரைக்குள் வந்தன. "எல்லாம் சரியாகிவிட்டது அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

சில நாளில் முதலாளியிடமிருந்து எனக்கு அழைப்பு. "தம்பி, பலகையில் இருப்பது ஆறா எட்டா என்றே தெரியவில்லை. வாடிக்கையாளர்கள் சண்டைக்கு வருகிறார்கள்." அதற்குள் ஒரு கேபிள் மாற்றியிருந்தார்கள். முனைக்குத் தங்கமுலாம் பூசியது, விலையும் அதற்கேற்ப. (தங்கத்தைப் பற்றி அந்தக் கடையில் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.) டிவியையே மாற்ற வேறொரு கடையில் விலையும் கேட்டாகிவிட்டது. குறையோ கேபிளிலும் இல்லை, டிவியிலும் இல்லை.

நடந்தது என்னவென்றால், பழைய படக்குழாய் டிவிகளில் படத்தின் ஓரம் ஒழுங்காக நிற்காது. மின்னழுத்தம் ஏறி இறங்கினால் படமும் விரிந்து சுருங்கும். அது வெளியே தெரியாமல் இருக்க, படத்தைச் சட்டத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக்கி, ஓரத்தைச் சட்டத்துக்குப் பின்னால் ஒளித்தார்கள். இதற்குத்தான் ஓவர்ஸ்கேன் என்று பெயர். எல்சிடி திரையில் பிக்சல்கள், அதாவது படத்தின் சிறு புள்ளிகள், எண்ணி அடுக்கியவை, ஒளிக்க எதுவுமில்லை. ஆனாலும் பல டிவிகள் பழக்கத்தை விடவில்லை. 1920க்கு 1080 என்ற அளவில் சிக்னல் வந்தால் அதை ஒளிபரப்பு என்றே எடுத்துக்கொண்டு ஓரத்தை வெட்டுகின்றன.

ஒவ்வொரு ஓரத்திலும் இரண்டரை சதவீதம் போவதாக வைத்துக்கொள்வோம். இடமும் வலமும் 48 பிக்சல், மேலும் கீழும் 27 பிக்சல். விண்டோஸ் 10இன் டாஸ்க்பார் உயரமே 40 பிக்சல்தான். அதில் 27 போனால் மிஞ்சுவது ஒரு கோடு. மீதியுள்ள 1824க்கு 1026ஐ டிவி திரை முழுவதும் இழுத்து நிரப்புகிறது. ஒரு பிக்சலை 1.05 பிக்சலாக யாராலும் வரைய முடியாது. ஆகவே பக்கத்துப் பிக்சலோடு கலந்து பூசும். மங்கல் இங்கேயே தொடங்கிவிடுகிறது.

இதன் மேல் கணினியிலும் சுருக்கினால்? கணினி முழுப் படத்தையும் 1824க்கு 1026க்குள் அடைத்துச் சுற்றிலும் கறுப்பு ஓரம் விடுகிறது. டிவி அந்தக் கறுப்பை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி இழுக்கிறது. ஜெராக்ஸ் கடையில் ஒரு பத்திரத்தைச் சிறிதாக்கி நகலெடுத்து, அந்த நகலைப் பெரிதாக்கி இன்னொரு நகல் எடுப்பதுபோல. பக்கம் முழுதாக இருக்கும், கையெழுத்து மட்டும் படிக்க வராது. சினிமா ஓடும்போது இது கண்ணில் படாது. எண்ணும் எழுத்தும் வந்தால்தான் மானம் போகும்.

சரிசெய்ய வேண்டிய இடம் டிவியின் ரிமோட். முதலில் கணினியில் செய்த சுருக்கத்தைப் பழையபடி நீக்குங்கள், மறுபடி ஓரம் வெட்டுப்படட்டும். பிறகு டிவியில் படத்தின் அளவு பற்றிய மெனுவுக்குப் போங்கள். பெயர்தான் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சாம்சங்கில் 'ஸ்கிரீன் ஃபிட்' அல்லது 'ஃபிட் டு ஸ்கிரீன்', எல்ஜியில் 'ஜஸ்ட் ஸ்கேன்', சோனியில் 'டிஸ்ப்ளே ஏரியா' என்பதற்குள் 'ஃபுல் பிக்சல்', பிலிப்ஸில் 'அன்ஸ்கேல்டு', ஷார்ப்பில் 'டாட் பை டாட்'. சொல்வது எல்லாம் ஒன்றுதான்: வந்த பிக்சலை வந்தபடியே காட்டு. கணினியின் படம் திரையில் ஓடிக்கொண்டிருக்கும்போது தேடுங்கள், இல்லாவிட்டால் அந்த வரி மங்கிப்போய்த் தேர்ந்தெடுக்க முடியாமல் இருக்கலாம். பல டிவிகள் இதை ஒவ்வொரு இன்புட்டுக்கும் தனியாக நினைவில் வைக்கும். துப்புரவு செய்பவர் கேபிளைப் பிடுங்கி அடுத்த துளையில் செருகிவிட்டால் வெட்டு திரும்பி வரும்.

அப்படி ஒரு வரியே மெனுவில் இல்லையென்றால், இன்புட்டின் பெயரை 'பிசி' என்று மாற்றிப் பாருங்கள். பல டிவிகளில் அது வெறும் பெயர்ப் பலகை இல்லை. அதைப் பார்த்ததும் டிவி தன் அலங்கார வேலைகளை நிறுத்திக்கொள்ளும். பழைய டிவியானால் 'எச்.டி.எம்.ஐ. / டி.வி.ஐ.' என்று எழுதிய துளையில் செருகிப் பார்க்கலாம். இவையும் பலிக்காத மலிவு டிவிகள் உண்டு. அங்கே மட்டும், வேறு வழியில்லாமல், கணினியில் சுருக்கிக்கொள்ளுங்கள்.

சரியாகிவிட்டதா என்று பார்க்க நான் செய்வது: பெயின்ட் மென்பொருளில் ஒரு பிக்சல் கறுப்பு, ஒரு பிக்சல் வெள்ளை என்று மாற்றி மாற்றிச் சில கோடுகள் போட்டு, அதை 100 சதவீத அளவில் திறந்து, திரைக்கு அருகே போய் நிற்பேன். கோடு கோடாகத் தெரிந்தால் வேலை முடிந்தது. சாம்பல் நிறப் பட்டைகள் அலையலையாகத் தெரிந்தால், வழியில் யாரோ இன்னும் படத்தை இழுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கேபிளைக் குறை சொல்வது

டிஜிட்டல் கேபிள் கெட்டால் படம் விட்டுவிட்டு வரும், புள்ளிகள் தெறிக்கும், அல்லது வரவே வராது. ஓரத்தை வெட்டாது.

எழுத்து சிறிதாக இருக்கிறதென்று ரெசல்யூஷனைக் குறைப்பது

ரெசல்யூஷன் என்பது கணினி திரைக்கு அனுப்பும் பிக்சல்களின் எண்ணிக்கை. 4கே டிவியின் 3840க்கு 2160ஐ விட்டுவிட்டு 1366க்கு 768 வைத்துக்கொண்டு, "4கே என்றார்கள், ஒன்றும் தெளிவில்லையே" என்பார்கள். ரெசல்யூஷனைத் தொடாதீர்கள். விண்டோஸ் அமைப்புகளில் 'ஸ்கேல்' என்ற சதவீதத்தை மாற்றுங்கள். 4கே டிவியைக் கண்டால் விண்டோஸ் தானாக 300 சதவீதத்தைப் பரிந்துரைப்பதும் உண்டு. அறையின் மறுகோடியில் சோபாவில் உட்கார்ந்து பார்ப்பீர்கள் என்பது அதன் கணக்கு. மேசை மேல் வைப்பதென்றால் அது யானை எழுத்து. 43 அங்குல 4கே திரை என்பது நான்கு 21.5 அங்குல ஃபுல் எச்டி மானிட்டர்களை ஒட்டிவைத்ததற்குச் சமம். பிக்சலின் நெருக்கம் இரண்டிலும் ஒன்றே. எனவே கையெட்டும் தூரத்தில் 100 அல்லது 125 போதும். வகுப்பறையின் கடைசி பெஞ்சுக்குத் தெரிய வேண்டுமென்றால் 200க்கு மேல் போகலாம்.

மாற்றிய பிறகு ஒருமுறை சைன் அவுட் செய்து உள்ளே வாருங்கள். அதற்குப் பின்னும் பழைய பில்லிங் மென்பொருள் மட்டும் புகைமூட்டமாக இருந்தால், அதன் ஐகானில் வலது கிளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்', 'கம்பாட்டிபிலிட்டி' என்று போய், உயர் டிபிஐ (பிக்சல் நெருக்கம்) அமைப்பில் அளவிடும் பொறுப்பை அந்த மென்பொருளிடமே விடுங்கள். அப்போது எழுத்து தெளியும், சில சமயம் பொத்தான்கள் குட்டியாகிவிடும். இரண்டில் ஒன்றைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

'எச்டி ரெடி' டிவியை ஃபுல் எச்டி என்று நம்புவது

பல 32 அங்குல டிவிகளின் திரையில் இருப்பது 1366க்கு 768 பிக்சல்தான். 1080 சிக்னலையும் மறுக்காமல் வாங்கி உள்ளே சுருக்கிக் காட்டும். பட்டியலில் 1360க்கு 768 இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். 1366 எட்டால் வகுபடாத எண் என்பதால் பல சமயம் 1360தான் கிடைக்கும். எழுத்து வேலைக்கு இந்த டிவியை வாங்கவே வேண்டாம்.

லேப்டாப்பையும் டிவியையும் 'டூப்ளிகேட்'டில் விடுவது

இரண்டிலும் ஒரே படத்தைக் காட்டும் முறை இது. இரண்டு திரைக்கும் பொதுவான ஒரு ரெசல்யூஷனுக்கு இறங்கிவிடும். விண்டோஸ் விசையோடு பி விசையை அழுத்தி, டிவி மட்டும் என்றோ, டிவியைத் தனி இரண்டாம் திரையாக்கும் 'எக்ஸ்டெண்ட்' என்றோ மாற்றுங்கள்.

சுட்டி தத்தித் தத்தி நகர்ந்தால் கணினியைச் சந்தேகிப்பது

ரேம் போடச் சொல்பவர்களையும் பார்த்துவிட்டேன். எச்.டி.எம்.ஐ. 1.4 துளை 4கே படத்தை விநாடிக்கு 30 முறைதான் முழுமையாகக் கொண்டுவரும். 60 வேண்டுமென்றால் 2.0 வேண்டும். லேப்டாப், இடையிலுள்ள யுஎஸ்பி-சி அடாப்டர், டிவி மூன்றும் ஒத்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் அடாப்டர்தான் காலை வாரும். டிவியிலும் அந்த இன்புட்டுக்கு 'அல்ட்ரா எச்டி டீப் கலர்', 'இன்புட் சிக்னல் ப்ளஸ்', 'என்ஹான்ஸ்டு' என ஏதோ ஒரு பெயரில் ஒரு அமைப்பு இருக்கும். அது அணைந்திருந்தால் 60 வராது. அல்லது நிறத்தைக் கழித்துக்கொண்டு வரும்.

நிறத்தைக் கழிப்பது என்றால், ஒவ்வொரு பிக்சலுக்கும் தனி நிறம் அனுப்பாமல் நான்கு பிக்சலுக்குச் சேர்த்து ஒன்று அனுப்புவது. கறுப்பின் மேல் வெள்ளை எழுத்து தப்பித்துக்கொள்ளும். கறுப்பின் மேல் சிவப்பு எழுத்து நீரில் நனைந்ததுபோல் ஊறிப்போகும். விலைப்பலகை வடிவமைப்பவர்களுக்கோ கறுப்பும் சிவப்பும்தான் பிடிக்கிறது. இன்புட்டுக்கு 'பிசி' என்று பெயரிட்டால் பெரும்பாலும் இதுவும் தீரும்.

ஷார்ப்னஸைக் கூட்டுவது

எழுத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பு வரும். குறையுங்கள்.

மின்வெட்டுக்குப் பின் எல்லாவற்றையும் மறுபடி கலைப்பது

மின்சாரம் வந்ததும் கணினி முந்திக்கொண்டு எழுந்துவிடும், டிவி பிந்தும். தன் அளவுகளைச் சொல்லும் தகவலை, இ.டி.ஐ.டி. என்பார்கள், டிவி அந்த நேரத்தில் தராவிட்டால், கணினி 1024க்கு 768 போன்ற ஏதாவது ஒரு அளவைத் தானே வைத்துக்கொள்ளும். இதைப் பார்த்துப் பதறி அமைப்புகளையெல்லாம் மாற்றிவிட்டு, மறுநாள் அதையும் சேர்த்துச் சரிசெய்யக் கூப்பிடுவார்கள். எதையும் தொடாமல், டிவி எரிந்த பிறகு கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். யாரும் பக்கத்தில் இல்லாத இடமென்றால், அந்தத் தகவலை நினைவில் வைத்துக்கொண்டு டிவிக்குப் பதிலாகச் சொல்லும் இ.டி.ஐ.டி. எமுலேட்டர் என்ற சிறு கருவி கிடைக்கிறது. கேபிளுக்கும் கணினிக்கும் நடுவே செருகிவிட்டால் போதும்.