ஜாமா, ஜெல்லியா? ஒன்றரைக் கிலோ கொய்யா போதும், தெரிந்துவிடும்

ஜாம், ஜெல்லி, மர்மலேட் எல்லாம் ஒன்றுதானே, பாட்டில்தானே வேறு என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பழம் ஒன்றாகவே இருக்கலாம். அதில் எதைச் சட்டியில் விடுகிறோம், எதை வடிகட்டி எடுத்துவிடுகிறோம் என்பதில்தான் பெயர் மாறுகிறது. சாறு மட்டும் என்றால் ஜெல்லி, சதையும் சேர்ந்தால் ஜாம், ஆரஞ்சு வகையைத் தோலோடு போட்டால் மர்மலேட். செய்து பார்த்தால் சட்டென்று புரியும், அதற்குக் கொய்யாவை விட நல்ல பழம் கிடையாது.

ஜெல்லிக்கு ஒரு கிலோ. முக்கால் பங்கு செங்காயாகவும் கால் பங்கு பழுத்ததாகவும் பார்த்து வாங்குங்கள். ஜெல்லியை இறுக வைக்கும் பெக்டின் செங்காயில்தான் அதிகம், நன்றாகக் கனிந்துவிட்டால் மணம் கூடும், பெக்டின் குறைந்துவிடும்.

1. கழுவி, தோலோடும் விதையோடும் மெல்லிய வட்டமாக நறுக்குங்கள். பழம் மூழ்கும் அளவு மட்டும் தண்ணீர் விட்டு அரை மணி நேரம் சிறுதீயில் வேகட்டும், கரண்டியால் அழுத்தினால் குழைய வேண்டும்.

2. பழைய வேட்டித் துணியைக் கொதிநீரில் அலசி, அதில் கொட்டி மூட்டை கட்டித் தொங்கவிடுங்கள், கீழே ஒரு பாத்திரம். ராத்திரி கட்டினால் காலையில் எடுக்கலாம். பிழியாதீர்கள்! முதல் தடவை நான் பொறுமையில்லாமல் பிழிந்துவிட்டேன், கூட அரை டம்ளர் சாறு கிடைத்தது உண்மைதான், ஆனால் கண்ணாடி மாதிரி வரவேண்டிய ஜெல்லி கழுநீர் மாதிரி கலங்கிப்போய் வந்தது.

3. சாற்றை அளந்து, ஒரு கப்புக்கு முக்கால் கப் சர்க்கரை, ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு. சர்க்கரை முழுதாகக் கரைந்த பிறகுதான் தீயைக் கூட்ட வேண்டும். உடம்புக்கு நல்லது என்று சர்க்கரையில் கை வைக்காதீர்கள், அது இனிப்புக்காக மட்டும் இல்லை. தண்ணீரைச் சர்க்கரை பிடித்துக்கொண்டு, எலுமிச்சையின் புளிப்பும் சேர்ந்தால்தான் பெக்டின் வலை மாதிரி பின்னி இறுகும். கெட்டுப்போகாமல் இருப்பதும் அதனால்தான்.

4. பதம்: கம்பிப் பதம் பார்த்துப் பழகிய கை அதைத்தான் தேடும், இங்கே வேறு மாதிரி பார்க்கணும். கரண்டியில் எடுத்துச் சரித்துப் பாருங்கள். முதலில் தண்ணீராக ஓடும், அப்புறம் சொட்டுச் சொட்டாக விழும், கடைசியில் விளிம்பில் இரண்டு சொட்டுகள் நகர்ந்து வந்து ஒட்டிக்கொண்டு, ஒரே தகடாகத் தொங்கி அறுந்து விழும். அந்த நொடி அடுப்பை அணைத்துவிடுங்கள். தெர்மாமீட்டர் இருந்தால் 105 டிகிரி செல்சியஸ், ஊட்டி மாதிரி உயரமான ஊரென்றால் இன்னும் கொஞ்சம் குறைவிலேயே வந்துவிடும்.

சரி, இப்போது ஜாம். மீதி அரைக் கிலோ கொய்யாவை ஒரு டம்ளர் தண்ணீரில் குழைய வேகவைத்து, சல்லடையில் தேய்த்து விதையை மட்டும் நீக்குங்கள். கூழ் ஒரு கப்புக்குச் சர்க்கரை முக்கால் கப், அதே எலுமிச்சை. கூழ் அடிப்பிடிக்கும் என்பதால் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். ஃப்ரீசரில் வைத்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் கழித்து விரலால் தள்ளினால் மேலே சுருக்கம் விழ வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஜெல்லியில் வெளிச்சம் ஊடுருவும், ஜாமில் ஊடுருவாது.

துணியில் தங்கிய சக்கையைக் கொட்டிவிடாதீர்கள். அதில் பெக்டின் பெரும்பாலும் சாற்றோடு போயிருக்கும், ஜாம் மாதிரி இறுகாது, ஆனால் விதை நீக்கி, பாதி அளவு சர்க்கரையும் ஒரு சிட்டிகை சுக்குத்தூளும் போட்டு மெதுவாக வற்றவிட்டால் ஃப்ரூட் பட்டர் ஆகிவிடும். பெயரில்தான் பட்டர், வெண்ணெய் துளியும் கிடையாது. கெட்டியாகும்போது பொத்துப் பொத்தென்று தெறிக்கும், கை பத்திரம். சர்க்கரையைக் கூட்டி இன்னும் சுருளக் கிளறினால், கோவாவில் கிறிஸ்துமஸுக்குச் செய்யும் பெராட் என்ற கொய்யா இனிப்பு போல வில்லை போடும் பக்குவத்துக்கு வந்துவிடும்.

மர்மலேடுக்குக் கொய்யா உதவாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் நெடுங்காலம் எலுமிச்சை, ஆரஞ்சு இனத்தில் செய்ததைத்தான் அந்தப் பெயரில் விற்க முடிந்தது, அங்கே அது சட்டம், 2024-இல்தான் அதைத் தளர்த்தினார்கள். வேடிக்கை என்னவென்றால் அந்தச் சொல் வந்தது மார்மெலோவிலிருந்து, போர்ச்சுகீசிய மொழியில் அது குவின்ஸ் பழம், ஆரஞ்சே இல்லை! செய்யும்போது இரண்டு விஷயம் போதும்: விதையையும் வெள்ளை நாரையும் சின்னத் துணி மூட்டையாகக் கட்டி உள்ளே போடுங்கள், பெக்டின் அங்கேதான் இருக்கிறது. தோல் விரலில் நசுங்கும் அளவு வெந்த பிறகே சர்க்கரை சேருங்கள், முந்திப் போட்டால் தோல் விறைத்துப்போகும், அப்புறம் எவ்வளவு கொதிக்கவைத்தாலும் மெத்தென்று ஆகாது.

கடையில் வாங்குகிறீர்கள் என்றால் லேபிளைத் திருப்பிப் பாருங்கள். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிப்படி ஜாமில் பழம் எடையில் 45 சதவீதமாவது இருக்க வேண்டும், ஸ்ட்ராபெரி, ராஸ்பெரிக்கு மட்டும் 25 போதும்.

பாட்டிலை வெந்நீரில் கொதிக்கவைத்து எடுத்து, அது சூடாக இருக்கும்போதே சூடான ஜெல்லியை ஊற்றுங்கள். ஆறும்வரை ஆட்டிப் பார்க்காதீர்கள், முழுதாக இறுக ஒரு நாள் ஆகலாம்.