பலகையில் உள்ள பெயரை மட்டும் பார்த்துப் பாடசாலை தேடாதீர்கள்

லண்டனில் வீடு ஒன்று சரிவந்ததும் அடுத்த கவலை பிள்ளையின் பாடசாலை. அதுவும் பிள்ளைக்குப் பத்து, பதினொரு வயது என்றால் ஆளுக்கு ஒரு புத்தி சொல்வார்கள். சோதனை வைத்துப் பிள்ளைகளைத் தெரிவு செய்யும் 'கிராமர்' பாடசாலை கிடைத்தால்தான் பிள்ளை தப்பும் என்பார் ஒருவர். 'அக்கடமி' என்ற வகைப் பாடசாலை என்றால் காசு கட்டவேண்டும் என்பார் இன்னொருவர். இரண்டாவது முழுப் பிழை. முதலாவதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தப் பெயர்கள் வெவ்வேறு காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டவை. எது எப்போது வந்தது என்று தெரிந்தால் குழப்பம் பாதி தீரும்.

வட லண்டன் பார்னெட்டில் உள்ள குவீன் எலிசபெத்ஸ் ஆண்கள் பாடசாலையை எடுத்துக்கொள்வோம். நம்மவர் வீடுகளில் அடிக்கடி அடிபடும் பெயர். 1573 இல் முதலாம் எலிசபெத் அரசி கொடுத்த பட்டயத்தில் தொடங்கியது. அந்தக் காலத்துக் கட்டடம் இன்றும் தேவாலயத்துக்கு எதிரே நிற்கிறது. ஒருநாள் பிள்ளையோடு போய்ப் பாருங்கள். அன்று 'கிராமர்' என்றால் லத்தீன் இலக்கணம் சொல்லிக்கொடுக்கும் இடம், அவ்வளவுதான். கெட்டிக்காரரைப் பொறுக்கி எடுக்கும் பாடசாலை என்ற பொருள் பிறகு வந்தது.

அந்தப் பொருளை நிலைநிறுத்தியது 1944 ஆம் ஆண்டின் கல்விச் சட்டம். செகண்டரிக் கல்வி, அதாவது ஆரம்பப் பாடசாலைக்கு அடுத்த கட்டம், எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசம் என்று அது சொன்னது; பெரிய காரியம். ஆனால் நடைமுறையில் பதினொரு வயதில் ஒரு சோதனை வைத்துப் பிள்ளைகளைப் பிரித்தார்கள். சித்தியடைந்தவர் கிராமருக்கு, மற்றவர்களில் பெரும்பாலானோர் 'செகண்டரி மாடர்ன்' பாடசாலைக்கு. நம் இலங்கையில் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் சோதனை எழுதியவர்களுக்கு இந்தப் பதற்றம் தெரியும். ஆனால் புலமைப்பரிசில் தவறினாலும் பிள்ளை பிறகு ஓ.எல் (சாதாரண தரச் சோதனை) எழுதலாம். இங்கே செகண்டரி மாடர்னுக்குப் போன பிள்ளைகளில் பலர் எந்தச் சான்றிதழும் இல்லாமல் பதினைந்து வயதில் வேலைக்குப் போனார்கள். பதினொரு வயதுப் பிள்ளைக்கு ஒரேநாளில் தீர்ப்பு எழுதுவது அநியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

இந்த நாட்டிலும் பலர் அப்படித்தான் நினைத்தார்கள். 1965 இல் கல்வி அமைச்சர் அந்தனி கிராஸ்லாண்ட், எல்லாரும் சேர்ந்து படிக்கும் 'கொம்பிரிஹென்சிவ்' முறைக்கு மாறும்படி உள்ளூராட்சிகளைக் கேட்டுச் சுற்றறிக்கை அனுப்பினார். கேட்டாரே தவிரக் கட்டாயப்படுத்தவில்லை. அதனால்தான் கென்டிலும் பக்கிங்ஹாம்ஷயரிலும் அந்தச் சோதனை இன்றும் நடக்கிறது. லண்டனின் பெரும்பகுதியில் அது போய்விட்டது. இங்கிலாந்து முழுவதிலும் இப்போது மிஞ்சியிருப்பது 163 அரசு கிராமர்கள்.

பார்னெட் பாடசாலையும் 1971 இல் கொம்பிரிஹென்சிவ் ஆனது. 1989 இல் உள்ளூராட்சியின் கையை விட்டு மத்திய அரசின் நேரடி நிதிக்கு மாறியது. 1990களின் நடுவில் மறுபடி சோதனை வைத்துத் தெரிவு செய்யத் தொடங்கி, இப்போது அக்கடமியாகவும் இருக்கிறது. பெயர் ஒன்றுதான், உள்ளே இத்தனை மாற்றம். அதே பார்னெட்டில், அதே அரசியின் பெயரில் 1888 இல் தொடங்கிய பெண்கள் பாடசாலைக்குச் சோதனை இல்லை. 'எலிசபெத்' என்ற பெயரைக் கண்டு மகளை வருடக்கணக்கில் ரியூசனுக்கு அனுப்பத் தேவையில்லை.

ஆகவே பெயரை விட்டுவிட்டு, பாடசாலையின் இணையத்தளத்தில் அனுமதிக் கொள்கையை எடுத்து வாசியுங்கள். சோதனையா, தூரமா, சமயமா, அக்கா அண்ணன் அங்கே படிப்பதா, எது முதலில் வருகிறது என்று அதில் இருக்கும். அக்கடமி என்றால் காசை மத்திய அரசு நேரே கொடுக்கிறது, ஓர் அறக்கட்டளை நடத்துகிறது. பெற்றோர் கட்டணம் கட்டுவதில்லை. 'பப்ளிக் ஸ்கூல்' என்றால் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். அது ஈட்டன் போன்ற கட்டணப் பாடசாலை.

ஓ.எல் தேடுபவர்களுக்கும் ஒரு சொல். இலங்கையில் இன்றும் இருக்கும் அந்தப் பெயரை இங்கிலாந்துப் பாடசாலைகள் 1988 இல் கைவிட்டன; அந்த இடத்தில் வந்த சோதனை ஜி.சி.எஸ்.ஈ. அதில் தரம் 9 இலிருந்து 1 வரை, 9 தான் உச்சம். ஏ.எல் (உயர்தரம்) மட்டும் அதே பெயரில் இருக்கிறது. பிள்ளையை எந்த வகுப்பில் சேர்ப்பது என்பது வயதைப் பார்த்துத்தான். ஆங்கிலம் தடுமாறுகிறது என்பதற்காகப் பொதுவாகக் கீழ்வகுப்பில் போடமாட்டார்கள். மொழி உதவியைக் கேட்டு வாங்குங்கள்.

செகண்டரியின் முதல் வகுப்பான ஏழாம் ஆண்டுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள், பிள்ளை ஆறாம் ஆண்டில் இருக்கும்போது வரும் அக்டோபர் 31. கிராமர் சோதனைக்குப் பதிவு அதற்கு முன்பே, பல இடங்களில் கோடையிலேயே முடிந்துவிடும். விண்ணப்பம் நீங்கள் குடியிருக்கும் இடத்தின் கவுன்சிலுக்குத்தான் (உள்ளூராட்சிக்கு) போகும். லண்டனில் ஆறு பாடசாலை எழுதலாம். ஆறையும் நிரப்புங்கள், உண்மையிலேயே விரும்புவதை முதலில் போடுங்கள். எந்த வரிசையில் எழுதினீர்கள் என்பது பாடசாலைக்குத் தெரியாது. ஒன்றை மட்டும் எழுதினால் அது கிடைக்கும் வாய்ப்பு அதிகரிக்காது. சித்தப்பா வீட்டு முகவரியைக் கொடுக்கவே வேண்டாம். பிடிபட்டால் கிடைத்த இடத்தையும் பறித்துவிடுவார்கள், பிள்ளை மனமுடைந்துபோகும்.

முடிவு மார்ச் 1 அளவில் வரும். கேட்டது கிடைக்காவிட்டாலும் கொடுத்த இடத்தை மறுக்காதீர்கள். அதை ஏற்றுக்கொண்டே மற்றப் பாடசாலையின் காத்திருப்புப் பட்டியலில் இருக்கலாம், மேல்முறையீடும் செய்யலாம். ஆண்டு நடுவில் வந்து இறங்கியவர்கள் மார்ச் வரை காத்திருக்க வேண்டாம். வாடகை ஒப்பந்தத்தையும் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு, அந்தக் கிழமையே கவுன்சிலின் பாடசாலை அனுமதிப் பிரிவைத் தொடர்புகொள்ளுங்கள்.