சென்னை வீட்டுத் தோட்டத்தை உட்காரும் இடமாக மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் வீட்டைச் சுற்றிப் பத்தடி மண் மிச்சமிருந்தாலே பெரிய விஷயம். மாலையில் உட்கார்ந்து பேசவும் சாப்பிடவும் அதைத் திருத்தி அமைக்கும்போது பலர் முதலில் மேசை நாற்காலியை வாங்கிவிட்டு, அப்புறம் இடம் தேடுகிறார்கள். மேற்குப் பக்கச் சுவர் பிற்பகல் வெயிலை வாங்கி, இருட்டிய பிறகும் சூட்டைக் கக்கும். கிழக்குப் பக்கத்தில் அந்நேரம் வீட்டு நிழலே விழும். கோடையில் கடல்காற்றும் அந்தத் திசையிலிருந்துதான் வரும். அங்கே தகரம் அடித்து மறைத்துவிடாதீர்கள். கம்பி வலையில் கொடி ஏற்றினால் மறைப்பும் கிடைக்கும், காற்றும் வரும்.

இதைவிடப் பெரிய தவறு, தரை முழுவதையும் மூடிவிடுவது. தூசி வராது, களை முளைக்காது என்பார்கள். ஆனால் இந்த ஊரின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. அந்தத் தண்ணீர் இறங்க மண் வேண்டாமா? உட்காரும் இடத்துக்கு மட்டும் தளம் போடுங்கள். பேவர் பிளாக் என்றால் அடியில் கான்கிரீட் போடாமல் ஜல்லியும் மணலும் பரப்பிப் பதிக்கச் சொல்லுங்கள். தளத்தின் வாட்டம், அதாவது தண்ணீர் ஓடும் சரிவு, வீட்டுச் சுவரை விட்டு வெளிப்பக்கம் இருக்க வேண்டும். 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது தோண்டிய உறிஞ்சு குழியின் மூடியை டைல்ஸுக்கு அடியில் புதைத்துவிடுவதும் நடக்கிறது. அப்புறம் அதைத் தூர்வார வழியே இல்லை.

கடப்பா கல்லும் செயற்கைப் புல்லும் நண்பகலில் வெறுங்காலை வைக்க முடியாதபடி சுடும். வழவழப்பான டைல்ஸ் மழையில் வழுக்கும்.

நிழலுக்குத் தகரக் கூரையைவிட மரமே நல்லது என்பேன். ஆனால் சீக்கிரம் வளரும் என்று குல்மொஹர் வைக்காதீர்கள்; கிளை எளிதில் முறியும். 2016 டிசம்பரில் வர்தா புயல் இங்கே ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்ததைப் பார்த்தோமே. புங்கை இந்த மண்ணுக்குப் பழகிய மரம், நிழலும் அடர்த்தி. ஆல், அரச வகைகளைச் சம்ப் எனும் தரையடித் தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில் நட்டால் வேர் அதன் சுவரைப் பிளந்துவிடும். எந்த மரமானாலும் அடியைச் சுற்றிச் சிமென்ட் பூசி இறுக்கக் கூடாது.

தொட்டிச் செடிகளுக்கு அடியில் வைக்கும் தட்டுகளையும் கவனியுங்கள். டெங்கு பரப்பும் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். வாரம் ஒருமுறை கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். அல்லித் தொட்டியில் நாலு கப்பி மீன் விடுங்கள், புழுக்களைத் தின்றுவிடும்.