காப்பகத்திலிருந்து குழந்தை காணாமல் போனால்: அரசிடம் பதில் பெறும் வழிமுறை

குழந்தைகளின் பராமரிப்பு குறித்து முடிவெடுக்கும் அரசு அமைப்பான குழந்தைகள் நலக்குழுவின் உத்தரவின்பேரில் ஒரு குழந்தை காப்பகத்தில், அதாவது குழந்தைகள் இல்லத்தில், சேர்க்கப்பட்ட நாளிலிருந்து, அந்தக் குழந்தையின் பாதுகாப்புக்கு அரசே பொறுப்பு. இல்லத்தை நடத்துவது தொண்டு நிறுவனமாகவே இருந்தாலும், அதற்குப் பதிவு வழங்கியதும் அதைக் கண்காணிக்கக் கடமைப்பட்டதும் அரசுதான். ஆகவே அங்கிருந்து ஒரு குழந்தை காணாமல் போகும்போது, குழந்தையைத் தேடித்தர வேண்டிய அரசே அதைக் காக்கத் தவறியதற்கும் விளக்கம் தர வேண்டியிருக்கிறது. தேடுதல், பொறுப்பேற்க வைத்தல் ஆகிய இரண்டு வேலைகளையும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும். தேடல் முடியட்டும் என்று காத்திருந்தால், அதற்குள் பதிவேடுகள் திருத்தப்பட்டுவிடக்கூடும்.

முதல் வேலை காவல் நிலையத்தில். புகார் அளிக்க வேண்டிய கடமை இல்லக் கண்காணிப்பாளருடையது என்றாலும், உறவினரோ ஆசிரியரோ தன்னார்வலரோ யார் வேண்டுமானாலும் அளிக்கலாம். நம் காவல் நிலையங்களில் புகாரைப் பெற்றுக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீதை (புகார் வந்ததற்கான ஒப்புகை மட்டுமே, வழக்குப் பதிவு அல்ல) கொடுத்து அனுப்பிவிடும் வழக்கம் உண்டு; காணாமல் போன குழந்தை விஷயத்தில் அதை ஏற்க வேண்டியதில்லை. ஒவ்வொரு புகாரிலும் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்யப்பட வேண்டும், கடத்தல் நடந்திருக்கலாம் என்ற அனுமானத்துடனேயே விசாரணை தொடங்க வேண்டும் என்று குழந்தை உரிமை அமைப்பான பச்பன் பச்சாவோ ஆந்தோலன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 மே 10 அன்று உத்தரவிட்டது. “தானாக ஓடிப்போன பிள்ளைதானே” என்ற பதிலுக்கும் இடமில்லை. குழந்தைகளின் பராமரிப்பு, பாதுகாப்புக்கான இளைஞர் நீதிச் சட்டத்தின் 2016-ஆம் ஆண்டு மாதிரி விதிகளின்படி, எந்தச் சூழ்நிலையில், எந்தக் காரணத்தால் மறைந்திருந்தாலும், கண்டுபிடிக்கப்பட்டு நலம் உறுதியாகும் வரை அது காணாமல் போன குழந்தையே. காவல் நிலையம் மறுத்தால் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4) பிரிவின்படி காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்துமூலம் அனுப்பி, அதன் பிறகும் பதிவாகாவிட்டால் நீதித்துறை நடுவரிடம் மனு செய்யலாம். நான்கு மாதங்களுக்குள் குழந்தை கிடைக்காவிட்டால் வழக்கு மனிதக் கடத்தல் தடுப்புப் பிரிவுக்கு மாற்றப்பட வேண்டும். அந்தத் தேதியை இப்போதே நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அதை யாரும் நினைவூட்ட மாட்டார்கள்.

புகார் அளிக்கும் அதே நாளில் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கும், குழந்தைகள் நலக்குழுவுக்கும், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் தகவல் தெரிவித்து, எழுத்து வடிவிலும் ஒரு பிரதி கொடுத்து ஒப்புகை பெறுங்கள். குழந்தையின் படத்தை உங்கள் சமூக ஊடகக் கணக்கில் வெளியிடுவதற்கு முன் குழுவின் அனுமதியைக் கேளுங்கள். பராமரிப்பில் உள்ள குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடை செய்கிறது. காப்பகக் குழந்தை என்ற முத்திரையுடன் பரவும் படம் அந்தக் குழந்தையை வாழ்நாள் முழுவதும் துரத்தும்.

அடுத்தது பதிவேடுகள். என் பார்வையில் இந்த முயற்சியின் உயிர்நாடி இதுதான். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் மாவட்டக் காவல் அலுவலகத்துக்கும் ஒரே காலப்பகுதியைக் குறிப்பிட்டு, தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்கீழ் தனித்தனி மனுக்கள் அனுப்புங்கள். அலகிடம், குறிப்பிட்ட இல்லத்திலிருந்து அனுமதியின்றி வெளியேறியவர்கள் எத்தனை பேர், ஒவ்வொன்றும் எந்தத் தேதியில் காவல்துறைக்குத் தெரிவிக்கப்பட்டது, எத்தனை பேர் மீட்கப்பட்டனர் என்று கேளுங்கள். காவல்துறையிடம், அதே இல்லம் தொடர்பாக வந்த புகார்களையும் பதிவான முதல் தகவல் அறிக்கைகளின் எண், தேதிகளையும் கேளுங்கள். இரண்டு பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஓர் அலுவலகத்தின் கணக்கில் இருந்து மற்றொன்றின் கணக்கில் இல்லாத குழந்தைகள் யாராவது இருக்கிறார்களா என்பது தெரிந்துவிடும். அப்படி ஒரே ஒரு குழந்தை இருந்தாலும் அதற்கு விளக்கம் கேட்டே ஆக வேண்டும். பெயர்களைக் கேட்காதீர்கள், தனிப்பட்ட தகவல் என்று காட்டி மொத்த மனுவையும் நிராகரிக்க அது வழி கொடுக்கும். பதிலுக்கு 30 நாள் அவகாசம் உண்டு. ஆனால் உயிர் அல்லது சுதந்திரம் சார்ந்த தகவலை 48 மணி நேரத்தில் தர வேண்டும் என்பதால், தற்போது காணாமல் போயுள்ள குழந்தை குறித்த கேள்விகளைத் தனி மனுவாக்கி, அவசரத்துக்கான காரணத்தை முதல் வரியிலேயே எழுதுங்கள்.

ஆய்வு அறிக்கைகளையும் மறவாமல் கேளுங்கள். இளைஞர் நீதிச் சட்டத்தின் 54-ஆம் பிரிவின்படி ஆய்வுக் குழு மூன்று மாதங்களுக்கு ஒருமுறையாவது ஒவ்வோர் இல்லத்தையும் பார்வையிட்டு ஒரு வாரத்துக்குள் அறிக்கை தர வேண்டும்; அந்தக் குழுவில் ஒரு பெண்ணும் ஒரு மருத்துவ அலுவலரும் இருந்தாக வேண்டும். குழந்தைகள் நலக்குழுவும் மாதம் இரண்டு முறையாவது இல்லங்களை ஆய்வு செய்யக் கடமைப்பட்டது. அறிக்கையே இல்லை என்ற பதில் வந்தால், அதுவும் உங்களுக்குக் கிடைத்த ஆவணம்தான். இறந்துவிட்டதாகச் சொல்லப்படும் குழந்தை என்றால் மருத்துவமனை, மயானப் பதிவுகளை நேரடியாகச் சரிபார்க்க வேண்டும்: 2021-இல் மதுரையில், காப்பகத்தில் இருந்த ஒரு குழந்தை கொரோனாவால் இறந்ததாகப் போலி ஆவணம் காட்டப்பட்டு, உண்மையில் விற்கப்பட்டிருந்தது காவல் விசாரணையில் வெளிவந்தது.

ஆவணங்கள் சேர்ந்தபின் எங்கே செல்வது என்பது குறையைப் பொறுத்தது. குழந்தைகள் நலக்குழுவின் செயல்பாட்டில் குறை என்றால் இளைஞர் நீதிச் சட்டத்தின் 27(10) பிரிவின்படி மாவட்ட ஆட்சியரிடம் புகார் செய்யலாம். மாவட்ட நிர்வாகத்தின்மீதே குறை என்றால் தமிழ்நாடு குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்துக்கு எழுதுவதே பொருத்தம். இல்ல ஊழியர்கள் வேண்டுமென்றே புறக்கணித்தார்கள் அல்லது கொடுமை செய்தார்கள் என்பதற்கு ஆதாரம் இருந்தால் அதே சட்டத்தின் 75-ஆம் பிரிவின்கீழ் குற்ற வழக்குக் கோருங்கள். பொறுப்பில் உள்ளவர்கள் செய்யும் அந்தக் குற்றத்துக்கு ஐந்து ஆண்டுகள் வரை கடுங்காவல் தண்டனை உண்டு.

இவை எதுவும் அசையவில்லை என்றால் சென்னை உயர் நீதிமன்றம் அல்லது அதன் மதுரைக் கிளை. குழந்தை யாரோ ஒருவரின் சட்டவிரோதப் பிடியில் இருப்பதாகச் சந்தேகிக்கக் காரணம் இருந்தால் ஆட்கொணர்வு மனு பொருந்தும். அப்படியொரு காரணத்தைச் சொல்ல முடியாத நிலையில், அதிகாரிகள் தம் கடமையைச் செய்ய உத்தரவிடும் செயலுறுத்து நீதிப்பேராணையைக் கோருவது நல்லது. அரசின் காவலில் இருந்தவருக்கு நேர்ந்த தீங்குக்கு அரசே இழப்பீடு தர வேண்டும் என்று நீலபதி பெஹரா வழக்கில் 1993-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருப்பதால், இழப்பீட்டையும் மனுவில் சேர்க்கலாம். வழக்கறிஞர் அமர்த்த வசதி இல்லாதவர்கள் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவியைக் கேட்கலாம். அதன் எண் 15100.

குழந்தை கிடைத்துவிட்டாலும் கோப்பை மூட விடாதீர்கள். ஏன் வெளியேறியது என்பதைக் குழந்தைகள் நலக்குழு குழந்தையிடம் தனிமையில், இல்ல ஊழியர் உடன் இல்லாமல் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும் என்றும், அந்த விசாரணை முடியும் வரை அதே இல்லத்துக்குத் திருப்பி அனுப்பக் கூடாது என்றும் எழுத்துமூலம் கோரி, குழுவின் உத்தரவு நகலைக் கேளுங்கள்.