நீச்சல் பந்தயம்: சுவரில் தொலைக்கும் நொடிகள்

நேரத்தைக் குறைக்க வேண்டும் என்றதும் புதிதாகப் போட்டிக்கு வருகிறவர்கள் கை வீச்சைத் திருத்தத்தான் கிளம்புகிறார்கள். ஆனால் அவர்களுடைய நொடிகள் பெரும்பாலும் சுவரருகே போய்க்கொண்டிருக்கும். தலையைத் தூக்கி நீந்துவது, முழங்காலை மடக்கி உதைப்பது போன்றவற்றை எந்தக் கோச்சும் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுவார். அவற்றை இங்கே தொடவில்லை.

சுவரை விட்டதும் மூச்சு

எத்தனை முறை சொன்னாலும் மறுநாளே திரும்ப வந்து எரிச்சலூட்டும் தவறு இது. ஃப்ரீஸ்டைலில் டர்ன் அடித்து, அதாவது சுவரருகே குட்டிக்கரணம் போட்டுப் புரண்டு, சுவரை உதைத்து, மேலே வந்த முதல் ஸ்ட்ரோக்கிலேயே (கை வீச்சிலேயே) தலையைத் திருப்பி மூச்சு வாங்குவது.

சுவரை உதைத்துக் கிளம்பும்போது உடம்புக்கு இருக்கும் வேகத்தை நீந்தி எட்ட முடியாது. டைவை விட்டால் பந்தயத்தில் அதிக வேகம் கிடைக்கும் இடம் அதுதான். அந்த வேகத்தோடு மேலே வரும் கணத்தில் தலை திரும்பினால் இடுப்பு இறங்குகிறது. முன்னால் நீண்ட கை தண்ணீரைப் பிடித்து இழுப்பதற்குப் பதிலாக, தலையைத் தாங்கக் கீழே அழுத்துகிறது. சும்மா கிடைத்த வேகம் அதோடு சரி. 25 மீட்டர் குளத்தில் 200 மீட்டருக்கு 7 டர்ன். ஒன்றுக்குக் கால் நொடி போனாலும் மொத்தம் ஒன்றே முக்கால் நொடி. அதைக் கை வீச்சில் மீட்க எவ்வளவு பாடுபட வேண்டும் என்று நீந்துகிறவர்களுக்குத் தெரியும்.

மன உறுதி போதவில்லை என்று பையன்களைத் திட்டுவது வீண். கோளாறு சுவருக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. சுவர் தெரிந்ததும் மூச்சை அடக்கிக் கடைசி நாலைந்து ஸ்ட்ரோக்கைப் போடுகிறார்கள். புரளும்போது மூக்கில் தண்ணீர் ஏறிவிடுமோ என்று இருக்கிற காற்றை மொத்தமாக ஊதிவிடுகிறார்கள். பிறகு முதல் ஸ்ட்ரோக்கில் மூச்சு வாங்காமல் என்ன செய்வார்கள்?

சுவருக்கு 5 மீட்டர் முன்னால் குளத்துக்கு மேலே தொங்கும் பேக்ஸ்ட்ரோக் (மல்லாந்து நீந்துவோருக்கான) கொடிகளை அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். அவற்றைக் கடக்கும்போது ஒரு முழு மூச்சு. புரள்வதற்கு முந்தைய கடைசி ஸ்ட்ரோக்கில் மட்டும் வேண்டாம், சுவரின் தூரம் கண்ணுக்குத் தப்பிவிடும். புரளும்போது வாயை மூடி முனகினால் மூக்கு வழியாக வெளியேறும் காற்றே போதும். உதைத்ததும் ஒரு உள்ளங்கையின் மேல் இன்னொன்று, மேற்கைகள் காதோடு ஒட்டியபடி மூன்று நான்கு டால்பின் கிக் (இரண்டு காலையும் சேர்த்து அடிக்கும் உதை). முதல் இரண்டு ஸ்ட்ரோக்கிலும் முகம் கீழேயே இருக்கட்டும், மூன்றாவதில் மூச்சு.

கிக் எண்ணிக்கையைக் கூட்டும் ஆசை வேண்டாம். விதி நீருக்கடியில் 15 மீட்டர் வரை விடுகிறது என்பதற்காக, உதையில் பலமில்லாதவர் 10 மீட்டர் வரை அடியிலேயே போனால், வேகம் செத்த பிறகுதான் தலை வெளியே வரும். இன்னொன்று: நீருக்கடியில் மூச்சடக்கும் பயிற்சியை யாரும் தனியாகச் செய்யக் கூடாது. மயக்கம் சொல்லிவிட்டு வராது.

இந்தப் பழக்கம் கெடுவது வார்ம் அப்பில். மெதுவான லேப்தானே என்று சுவரருகே அலட்சியமாக இருப்பவருக்குப் பந்தயத்தில் மட்டும் ஒழுங்கான டர்ன் வராது.

தொடும்முன் மிதப்பது

2008 பெய்ஜிங் ஒலிம்பிக், 100 மீட்டர் பட்டர்ஃப்ளை. முன்னால் போய்க்கொண்டிருந்த செர்பியாவின் மிலோராத் சாவிச் கையை நீட்டிச் சுவரை நோக்கி மிதந்தார். மைக்கேல் ஃபெல்ப்ஸ் கூடுதலாக அரை ஸ்ட்ரோக் போட்டார். 50.58, 50.59. நூறில் ஒரு நொடியில் தங்கம் கைமாறியது. 2012 லண்டனில் 200 மீட்டர் பட்டர்ஃப்ளை முடிவில் அதே ஃபெல்ப்ஸ் மிதந்தார், தென்னாப்பிரிக்காவின் சாட் லே க்ளோஸ் 0.05 நொடியில் முந்தினார்.

கொடியிலிருந்து சுவருக்கு உங்களுக்கு எத்தனை ஸ்ட்ரோக் என்று எண்ணி வையுங்கள். பந்தய வேகத்தில், களைத்த பிறகு எண்ணுங்கள். நிதானமாக நீந்தி எடுத்த கணக்கு போட்டியில் உதவாது.

பக்கத்து லேனைப் பார்ப்பது

பார்த்தால் தலை திரும்பும், உடம்பும் கூடவே திரும்பும்.

புது நீச்சல் கண்ணாடி

போட்டி நாளில் கூடாது. டைவில் கழன்றுவிடும்.

முதல் 50-ஐப் பறந்து முடிப்பது

200 மீட்டரில் முதல் 50 டைவின் தயவால் இரண்டாவதை விடச் சுமார் 2 நொடி குறைவாக வருவது இயல்பு. 4 நொடி குறைந்திருந்தால் சந்தோஷப்படாதீர்கள், அந்தக் கடன் 120 மீட்டர் தாண்டியதும் தொடையில் வந்து நிற்கும். மனத்தளவில் தயாராக வேண்டிய இடம் மூன்றாவது 50. அங்கே கால் உதையை எப்போது கூட்டுவது என்பதை டைவ் பலகையில் ஏறும் முன்பே முடிவு செய்துவிடுங்கள், உதாரணமாக 100 மீட்டர் டர்னிலிருந்து வெளிவந்ததும். மூச்சு முட்டிக்கொண்டிருக்கும்போது புதிதாக யோசிக்க முடியாது.