கார் ஸ்டீரியோவில் ஃபிளாக்: பென்டிரைவைத் தயார் செய்வது எப்படி

ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரத்துக்கு 55 கிலோமீட்டர் சொச்சம். உச்சிப்புளி வந்தும் ஃபிளாக் பாட்டு, அதாவது தரம் குறையாமல் சுருக்கிய பாட்டு, வரவில்லை என்றால் முதலில் ஸ்டீரியோ திரையைப் பாருங்கள். ‘ரீடிங்’ என்று சுற்றிக்கொண்டே இருந்தால் பென்டிரைவை ஃபார்மட் செய்த விதத்தில் கோளாறு. பாட்டின் பெயர் தெரிந்தும் ஓடாமல் அடுத்ததற்குத் தாவினால் ஃபைலின் வகையில் கோளாறு. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

64 ஜிபி, அதற்கு மேல் உள்ள பென்டிரைவ்கள் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் என்ற ஃபார்மட் முறையில்தான் வருகின்றன. பல ஸ்டீரியோக்கள் அதைப் படிக்காது, என்டிஎஃப்எஸ்ஸையும் படிக்காது. ஃபேட்32தான் நம்பகமானது. 32 ஜிபி வாங்குங்கள், போதும். சிடி தரத்து ஃபிளாக் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 300 முதல் 350 எம்பி பிடிக்கும். அந்தக் கணக்கில் 80 மணி நேரத்துக்கு மேலேயே கேட்கலாம். விண்டோஸில் டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து, ஃபார்மட் போய் ஃபேட்32 தேர்ந்தெடுங்கள். மேக்கில் ஃபார்மட் செய்பவர்கள் ஸ்கீம் என்ற இடத்தில் மாஸ்டர் பூட் ரெக்கார்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் ஃபேட்32 ஆக இருந்தாலும் பல ஸ்டீரியோக்கள் திரும்பிக்கூடப் பார்க்காது. உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், முதலில் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஒரு சோதனை. ஒரே பாட்டை ஐந்து விதமாகப் போடுங்கள்: 16 பிட் 44.1 கிலோஹெர்ட்ஸ் ஃபிளாக் (சிடி தரம்), 24 பிட் 96 கிலோஹெர்ட்ஸ் ஃபிளாக், ஏலாக் (ஃபிளாக் போன்ற ஆப்பிள் வகை), வேவ் (சுருக்காதது), எம்பி3. எது ஓடுகிறதோ அதுதான் உங்கள் காரின் வகை. முதல் ஃபிளாக் ஓடி, 96 மட்டும் தாவினால் ஃபூபார்2000 என்ற மென்பொருளின் கன்வெர்ட்டரில் 16 பிட் 44.1க்கு மாற்றி, டித்தரையும் (பிட் குறைக்கும்போது வரும் திரிபை மறைக்கும் வசதி) ஆன் செய்யுங்கள். ஓடும் காரில் இந்த வித்தியாசம் காதுக்குத் தெரியாது. ஏலாக் ஓடாவிட்டால் ஃபிளாக்காக மாற்றலாம், தரம் துளியும் குறையாது. எம்பி3யை ஃபிளாக் ஆக்குவது மட்டும் வீண் வேலை. போன சத்தம் திரும்பி வராது, இடம்தான் போகும். வாங்கிய ஃபிளாக் அசல்தானா என்று சந்தேகம் வந்தால் ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் திறந்து, அது காட்டும் அதிர்வெண் படத்தைப் பாருங்கள். 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கத்தியால் வெட்டியதுபோல் இருந்தால், 128 கேபிபிஎஸ் எம்பி3க்கு ஃபிளாக் சட்டை மாட்டிவிட்டிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம்.

வரிசை குழம்புவது பெரிய தலைவலி. பல ஸ்டீரியோக்கள் பெயர் வரிசையைப் பார்ப்பதில்லை, பென்டிரைவில் எழுதிய வரிசையில்தான் பாடும். 01, 02 என்று எண் போட்டுவிட்டு, ஃபோல்டர்களை ஒவ்வொன்றாகக் காப்பி செய்யுங்கள். அப்படியும் குழம்பினால் ஃபேட்சார்ட் மென்பொருள் நேராக்கிவிடும். ஒரு ஃபோல்டரில் 255 பாட்டுக்குள் வையுங்கள். மேக்கில் காப்பி செய்தால் புள்ளியும் அடிக்கோடுமாகத் தொடங்கும் குட்டி ஃபைல்கள் கூடவே ஏறும். ஸ்டீரியோ அவற்றையும் பாட்டென்று நினைத்துத் திணறும், அழித்துவிடுங்கள். பாட்டின் பெயர் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் ஸ்டீரியோவில் தமிழ் எழுத்துரு இல்லை. ஆங்கில எழுத்தில் டேக் (ஃபைலுக்குள் இருக்கும் பாட்டு விவரம்) போட வேண்டியதுதான். அட்டைப்படம் 500க்கு 500 பிக்ஸல், சாதாரண ஜேபெக். 5 எம்பி படத்தை வைத்தால் ஒவ்வொரு பாட்டும் தொடங்கத் தயங்கும்.

நாதஸ்வரக் கச்சேரியில் ஆலாபனை ஒரு டிராக், கீர்த்தனை ஒரு டிராக் என்று இருந்தால் நடுவில் அரை விநாடி அறுந்துபோகும். டிராக்குகளை இடைவெளி இல்லாமல் ஓட்டும் கேப்லெஸ் வசதி ஸ்டீரியோவில் இல்லாததே காரணம். இரண்டையும் சேர்த்து ஒரே ஃபைலாக்கிவிடுங்கள்.

பாம்பன் பாலத்தில் கண்ணாடியை இறக்கிவிட்டால் ஃபிளாக்கும் 320 கேபிபிஎஸ் எம்பி3யும் ஒன்றுதான், காற்று இரண்டையும் தின்றுவிடும். தனுஷ்கோடி அரிச்சல்முனையில் எஞ்சினை நிறுத்திக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கேளுங்கள், வித்தியாசம் தெரிந்தால் அங்கேதான் தெரியும்.

கடற்கரையில் உப்புக்காற்றுதான் யுஎஸ்பி போர்ட்டுக்குப் பகை. தொடுமுனைகள் கறுத்துப்போனால் லேசாக அசைத்தாலே இணைப்பு விட்டுப்போகும். பென்டிரைவ் முனையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பருத்தித் துணியால் துடைத்து, காய்ந்த பிறகு சொருகுங்கள். பயன்படுத்தாத நேரம் போர்ட்டுக்கு ரப்பர் மூடி போதும். வெயிலில் நின்ற வண்டியில் பென்டிரைவ் கைசுடும் அளவுக்குக் காய்ந்திருக்கும். ஏசி போட்டு ஐந்து நிமிடம் ஆறவிட்டுப் பாட்டைத் தொடங்குங்கள். போர்ட்டுக்குள் ஊசி விட்டு மட்டும் சுரண்டாதீர்கள். இக்னிஷன் ஆனில் இருந்தால் ஷார்ட் ஆகி ஃபியூஸ் போகலாம், சில நேரம் போர்ட்டே போகலாம்.